அம்மா நெஞ்சுல கேட்ட 'டொக்கு'

ரெண்டு வருசமா எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் சேரன்மகாதேவியில ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து எலையில உக்காந்திருந்த அண்ணாச்சி பேச்சுவாக்குல, "எங்க அத்தானுக்கு பைபாஸ் பண்ணி பதினாறு நாளாச்சு தம்பி, நல்லா இருக்காவ, காயத்துல கீழ ஓரத்துல மட்டும் லேசா கசியுது, சூட்டுக்கு வந்திருக்கும்"னு சொன்னாவ. எனக்கு அவியல் தொண்டையிலயே நின்னுட்டு. பாயசம் வர்றதுக்குள்ள அவங்கள எந்திரிக்க வச்சு, கை கழுவ வச்சு, மண்டபத்து வாசல்ல நின்னு அவங்க அத்தான் வீட்டுக்கு போன் போட வச்சேன். கோட்டிக்காரப் பயன்னு நினைச்சிருப்பாவ. நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும்.

எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் கீழ ஓரத்துல லேசா கசிஞ்சது.

எங்களுக்கு வீரவநல்லூர். ஊர்ல பாதித் தெருவுல தறிச்சத்தம் கேக்கும், எங்க வீட்டுல தையல் மிசின் சத்தம். அப்பா போன பெறவு அம்மா ஜாக்கெட் தச்சுதான் என்னைய படிக்க வச்சா. 2022 ஐப்பசி மழையில ஒரு நாள் மிசின்ல இருந்து எந்திரிச்சவ நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. திருநெல்வேலிக்கு கூட்டிட்டுப் போய் ஆஞ்சியோ பண்ணிப் பாத்தா மூணு இடத்துல அடைப்பு, அதுல ஒண்ணு தலைவாசல்லயே இருக்கு, ஸ்டென்ட் வேண்டாம் பைபாஸ்தான்னு சொல்லிட்டாங்க. வயசு 63, எடை 70 கிலோ, சுகர் பதினோரு வருசமா. மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 9.4, ரொம்பக் கூட. வேற நேரமா இருந்தா சுகரை இறக்கிட்டு அப்புறம் பண்ணலாம், இந்த அடைப்புக்கு காத்திருக்க முடியாதுன்னாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால பணத்துக்கு அலைய வேண்டி வரல.

ஆபரேஷன் நல்லா முடிஞ்சது. ரெண்டாம் நாள் உக்கார வச்சாங்க, மூணாம் நாள் நடக்க வச்சாங்க, எட்டாம் நாள் வீடு. எல்லாரும் வந்து பாத்தாங்க, ஹார்லிக்ஸ் பாட்டிலா வீட்டுல குவிஞ்சுது (சுகர்காரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வர்ற சனத்தை என்ன சொல்ல). இருதயத்துக்குப் போற ரத்தம் நல்லா ஓடுது, இனி என்ன பயம்னு நாங்களும் இருந்துட்டோம். எங்க யோசனை முழுக்க இருதயத்து மேலயே இருந்துச்சு. அதுக்கு மேல இருக்க எலும்பை ஒருத்தரும் நினைக்கல.

இங்கன கொஞ்சம் விளக்கமா சொல்லிடுதேன், ஏன்னா எனக்கே இது எல்லாம் கெட்ட பெறவுதான் புரிஞ்சுது. பைபாஸ்ல நெஞ்செலும்பை, நடுவுல மேல இருந்து கீழ வரைக்கும், ரம்பம் வச்சு நெடுக ரெண்டா பிளப்பாங்க. வேலை முடிஞ்சதும் ஸ்டீல் கம்பி ஆறு ஏழு போட்டு முறுக்கி சேத்துக் கட்டிடுவாங்க. அந்த எலும்பு கூடி வர ரெண்டு மூணு மாசம் ஆகும். தோல் பத்து பதினஞ்சு நாள்ல ஒட்டிரும், பாக்க ஆறுன மாதிரி இருக்கும், உள்ள எலும்பு இன்னும் கம்பி தயவுலதான் நிக்கும். இன்னொரு விஷயம், நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கமா இடது பக்கத்துல ஓடுற ஒரு ரத்தக்குழாயை எடுத்துத்தான் பொதுவா இருதயத்துல அடைப்பைத் தாண்டி ரத்தம் போக முக்கியமான ஒட்டுக்குழாயா வைப்பாங்க, ரொம்ப வருசம் அடைக்காம உழைக்குற குழாய் அது. ஆனா நெஞ்செலும்புக்கு அந்தப் பக்கம் ரத்தம் குடுத்துட்டு இருந்ததும் அதே குழாய்தான். இருதயத்துக்கு குடுத்ததை எலும்புகிட்ட இருந்து எடுத்திருக்கோம். நல்ல உடம்பு சமாளிச்சிரும், சுகர் உடம்பு தடுமாறும். அதனாலதான் சுகர் கூடுதலா இருக்கவங்களுக்கும் ரொம்ப குண்டா இருக்கவங்களுக்கும் ரெண்டு பக்கக் குழாயையும் எடுக்குறதுக்கு டாக்டர்கள் யோசிப்பாங்க.

பைபாஸ் பண்ண நூறு பேர்ல ஒண்ணுல இருந்து மூணு பேர் வரைக்கும் எலும்புக்கு அடியில போற இந்த ஆழமான இன்ஃபெக்ஷன் வரலாம். மேலாப்புல தோலோட நிக்குறது அதை விட கூட. வர்றது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில இருக்கும்போது வராது, வீட்டுக்கு வந்த பெறவு, ரெண்டாவது மூணாவது வாரத்துல வரும். அதாவது டாக்டரும் இல்ல சிஸ்டரும் இல்ல, நாமதான் இருக்கோம். நாம பாத்தாத்தான் உண்டு.

நாங்க பாக்கல.

பாக்கலன்னா, பாக்கவே இல்ல. இதை எழுத வெக்கமாத்தான் இருக்கு. அம்மா நெஞ்சு, நான் ஆம்பளப் பிள்ளை, எப்படிப் போய் சேலையை விலக்கிக் காட்டுன்னு கேக்க. என் பொண்டாட்டி கேட்டா, "அத்தை, காயம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, அம்மா "எல்லாம் ஆறிட்டும்மா"ன்னு சொல்லி சேலையை இழுத்து மூடிக்கிட்டா, அதோட பேச்சு முடிஞ்சிரும். மத்த அடைப்புக்கு ஒட்டுப் போடுறதுக்காக கால்ல நரம்பு எடுத்த காயத்தை மட்டும் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவா, அது பூரானை நீட்டிப் போட்ட மாதிரி கணுக்கால்ல இருந்து மேல ஏறும், அதைப் பாத்து எல்லாரும் உச்சு கொட்டுவாங்க. கால் காயம் அழகா ஆறிட்டு இருந்துச்சு. எல்லாருக்கும் அதைப் பாத்ததுலயே திருப்தி.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது நாலு பக்கத்துக்கு ஒரு சம்மரி குடுத்தாங்க, முழுக்க இங்கிலீஷ். அதுல மூணாவது பக்கத்துல மாத்திரை லிஸ்டுக்குக் கீழ, காயத்துல கசிவு, காய்ச்சல், எலும்பு அசையுற சத்தம் இருந்தா உடனே வரவும்னு ஒரு வரி இருந்துருக்கு. எல்லாம் முடிஞ்ச பெறவு ஒரு நாள் உக்காந்து வாசிக்கும்போதுதான் கண்ணுல பட்டுச்சு. வாய் வார்த்தையா ஒருத்தரும் சொல்லல. பில்லிங்ல கையெழுத்து வாங்க மூணு பேர் வந்தாங்க, அந்த ஒரு வரியைச் சொல்ல ஒருத்தர் வரல. ஆபரேஷன் பண்ணவங்க கை மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, அவங்கதான் அம்மாவை ரெண்டு தடவை பிழைக்க வச்சது. இது மட்டும் மனசுல நிக்குது.

பதினாலாம் நாளோ பதினஞ்சாம் நாளோ, துணி துவைக்கும்போது என் பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சா. அம்மா ஜாக்கெட் லைனிங்ல அடிப்பக்கம் மஞ்சளா ஒரு ரூபாய் அகலத்துக்கு கறை. மோந்து பாத்திருக்கா, வாடை. போய் கேட்டா அம்மா அழுதுட்டா. நாலு நாளா கசிஞ்சுட்டு இருந்திருக்கு, பழைய வேட்டித்துணியை மடிச்சு உள்ள வச்சு மறைச்சிருக்கா. "பிள்ளைக்கு லீவு இல்லைன்னு சொன்னான், இதையும் சொல்லி அவனை அலைய விடணுமா"ன்னு அதுக்கு ஒரு காரணம். அம்மாவோட அக்கா, எங்க பெரியம்மைக்கு மட்டும் தெரியும். பெரியம்மை தேங்காண்ணெயில மஞ்சளைக் குழைச்சு வச்சிருக்காவ.

மறுநாள் பக்கத்து ஊர்ல ஒரு டாக்டர்ட்ட காட்டுனோம். நல்ல மனுசன், ராத்திரி பத்து மணிக்குப் போனாலும் கதவைத் திறப்பாரு. துடைச்சு, பவுடர் தூவி, அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை குடுத்தாரு. கசிஞ்சதுல கொஞ்சம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளத்து என்ன கிருமின்னு பாக்குற டெஸ்டுக்கு அனுப்பணும்னு அவருக்கும் தோணல, எங்களுக்கும் தெரியாது. இதோட விலை பெறவு தெரிஞ்சுது. மாத்திரை உள்ள போயிட்டா மேலாப்புல இருக்க கிருமி கொஞ்சம் ஒடுங்கிரும், அப்புறம் டெஸ்டுக்கு எடுத்தா ஒண்ணும் வளராது, ஆழத்துல இருக்கது பாட்டுக்கு இருக்கும். என்ன கிருமின்னு தெரியாம எந்த மருந்தைக் குடுக்க?

மாத்திரை தொடங்கி மூணாம் நாள் விடியக்காலம் அம்மா இருமுனா. இருமிட்டு என்னைய கூப்பிட்டா. "ஏலே, உள்ள ரெண்டு ஓட்டாஞ்சில்லு உரசுத மாதிரி டொக்குன்னு கேக்குல. திரும்பிப் படுத்தா கேக்கு." நான் பக்கத்துல உக்காந்து அவ திரும்பும்போது காதை வச்சுக் கேட்டேன். கேட்டுச்சு. இன்னைக்கும் ராத்திரி சமயத்துல யாராவது விரல்ல சொடக்கு போட்டா எனக்கு வயித்தைக் கலக்கும்.

அந்த டொக்குக்கு அர்த்தம், கம்பி தளர்ந்துருச்சு, இல்லன்னா எலும்பை அறுத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு, எலும்பு ரெண்டு பாதியும் ஒண்ணோட ஒண்ணு உரசுது. சும்மா எலும்பு விலகுறது மட்டும்கூட இருக்கலாம், ஆனா கசிவும் டொக்கும் சேந்து வந்தா உள்ள சீழ் இருக்குன்னுதான் டாக்டர்கள் எடுத்துக்குவாங்க. அன்னைக்கு செங்கோட்டை பாசஞ்சருக்கு நிக்கல, கார் பிடிச்சுப் போனோம். காருகுறிச்சி தாண்டும்போது ஒரு பள்ளத்துல வண்டி இறங்கி ஏறுச்சு, அம்மா ரெண்டு கையாலயும் நெஞ்சைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா, ஒரு சத்தம் போடல.

ரத்தத்துல சிஆர்பி (உடம்புல இன்ஃபெக்ஷன், அழற்சி இருந்தா ஏறுற அளவு) ஏறிக் கிடந்தது. சிடி ஸ்கேன் எடுத்தாங்க. ஆபரேஷன் ஆகி ரெண்டு வாரத்துக்குள்ள எடுத்தா சிடியில உள்ள நீர் இருக்கத்தான் செய்யும், அது ஆபரேஷன் நீரா சீழான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்னும், அம்மாவுக்கு அந்த நாள் தாண்டிருச்சு, எலும்பும் விலகித் தெரியுது, காத்துக் குமிழும் இருக்குன்னும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே தியேட்டர். காயத்தை மறுபடி திறந்து, கம்பி எல்லாத்தையும் எடுத்து, செத்த சதையையும் நொறுங்குன எலும்பு ஓரத்தையும் சுரண்டி எடுத்து, லிட்டர் கணக்குல சலைன் ஊத்திக் கழுவி, உள்ளுக்குள்ள இருந்து நாலஞ்சு இடத்துல சதை எடுத்து கல்ச்சருக்கு அனுப்புனாங்க. மேலாப்புல எடுத்ததுல ஒண்ணும் வளரல. உள்ள இருந்து எடுத்ததுல வளந்துச்சு. ஸ்டஃபைலோகாக்கஸ், அதுலயும் சாதா மருந்துக்குக் கட்டுப்படாத ஜாதி, எம்ஆர்எஸ்ஏன்னு சொல்றாங்க.

இந்தக் கிருமி எங்க இருந்து வந்துச்சுன்னு நான் ஆஸ்பத்திரி மேல பாய்ஞ்சேன். அந்தப் பெரிய டாக்டர் கோவிச்சுக்கல. "எங்க தியேட்டர்ல இருந்தும் வந்திருக்கலாம், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஸ்டஃபைலோகாக்கஸ் நூறு பேர்ல முப்பது பேர் மூக்குலயே குடியிருக்கும், அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னாரு. அதனாலதான் இப்ப நிறைய இடத்துல ஆபரேஷனுக்கு முன்னாடி மூக்குல ஒரு களிம்பு தடவச் சொல்றாங்க, குளோர்ஹெக்சிடின் சோப்புல குளிக்கச் சொல்றாங்க, முடியை ரேசர்ல வழிக்காம கிளிப்பர்ல எடுக்காங்க (ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போட்டு கிருமிக்கு வாசல் திறந்து விடும்), கத்தி வைக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஊசி போடுறாங்க. சுகரும் அப்படித்தான். அமெரிக்காவுல போர்ட்லேண்ட்ல ஒரு டாக்டர் குழு சுகர்காரங்களுக்கு தோலுக்கு அடியில இன்சுலின் குத்துறதை விட்டுட்டு ட்ரிப்ல விடாம ஏத்திப் பாத்திருக்காங்க, ஆழமான நெஞ்சு இன்ஃபெக்ஷன் 2 சதவீதத்துல இருந்து 0.8க்கு இறங்கிருச்சு. 1999ல வந்த ஆய்வு. இன்னைக்கு ஐசியூவுல சுகரை 180க்கு மேல போக விடாம பாத்துக்குறது அந்த மாதிரி ஆய்வுகளோட பலன். எங்க அம்மாவுக்கும் ஐசியூவுல ட்ரிப் ஓடுச்சு. வீட்டுக்கு வந்த பெறவு தினமும் 250, 280. அதை யார் பாத்தா?

எம்ஆர்எஸ்ஏவுக்குக் குடுக்குற வான்கோமைசின்ங்குற ஆன்டிபயாட்டிக்கை ட்ரிப்ல தொடங்குனாங்க. அதை வேகமா ஏத்துனா முகம் கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும், அதனால ஒரு மணி நேரத்துக்கு மேல பைய பையதான் ஏத்தணும், கிட்னிக்கு சேதம் வரலாம்னு ஒருநாள் விட்டு ஒருநாள் கிரியாட்டினின்னு கிட்னிக்கான ரத்த டெஸ்டு பாப்பாங்க. மொத்தம் ஆறு வாரம் மருந்து, கடைசிக் கொஞ்ச நாள் லினசோலிட் மாத்திரை. அது ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா ரத்தத்துல தட்டணு (பிளேட்லெட்) இறங்கும்னு வாராவாரம் ரத்தம் எடுத்தாங்க. அம்மா கையில நரம்பே கிடைக்காம ஆயிட்டு.

இப்ப முக்கியமான ஆள். வேக் மிசின். திறந்த காயத்துக்குள்ள கருப்பு ஸ்பாஞ்சை அளவா வெட்டி வச்சு, மேல கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை காத்துப் போகாம ஒட்டி, நடுவுல குழாய் சொருகி, மிசின்ல போட்டு உறிஞ்சுவாங்க. பாதரசக் கணக்குல 125 மில்லிமீட்டர் அளவுக்கு உறிஞ்சும். சீழும் நீரும் டப்பாவுக்குப் போகும், காயத்து ஓரம் உள்ள இழுத்துச் சுருங்கும், ரத்த ஓட்டம் கூடும், புதுச் சதை சிவப்பா முளைக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை ஸ்பாஞ்சை மாத்தணும். 1997ல அமெரிக்காவுல வட கரோலினாவுல ரெண்டு பேர் எழுதுன கட்டுரைக்குப் பெறவு உலகம் முழுக்கப் பரவுன முறை இது. அதுக்கு முன்னாடி காயத்தைத் திறந்து போட்டு துணி அடைச்சு வைக்குறது, இல்லன்னா மூடிட்டு குழாய் வழியா மருந்துத் தண்ணியை விட்டுக் கழுவிக்கிட்டே இருக்குறதுன்னு இருந்திருக்காங்க. நெஞ்சுக்கூடு திறந்தே கிடந்தா மூச்சு விடுறதே பாடுதான், நிறைய பேர் வென்டிலேட்டர்லயே கிடப்பாங்களாம். அம்மா இந்த மிசினை மாட்டிக்கிட்டு வராண்டாவுல நடந்தா. தோள்ல பை மாதிரி தொங்கவிட்டுக்கிட்டு.

எலும்புக்கு அடியிலயே இருதயம். ஸ்பாஞ்சு நேரா இருதயத்து மேல பட்டு உறிஞ்சுனா சுவரு கிழிஞ்சு ஒரே நிமிசத்துல ஆள் போயிரும், அதுக்காக நடுவுல எண்ணெய்ப் பசை உள்ள வலைத்துணியை ரெண்டு மூணு மடிப்பு வைப்பாங்க. முத ரெண்டு மாத்தும் தியேட்டர்லதான் நடந்துச்சு. டாக்டர் போன்ல ஒரு வீடியோ காட்டுனாரு. சிவப்புக் குழிக்கு அடியில ஒண்ணு துடிச்சு துடிச்சு எழும்புது. அது எங்க அம்மா. நான் சரின்னு தலையாட்டிட்டு வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

ராத்திரியானா மிசின் கத்த ஆரம்பிச்சிரும். எங்கயோ காத்து லீக். பெரும்பாலும் மார்புக்குக் கீழ மடிப்புல வேர்த்து தாள் தூக்கிரும். ட்யூட்டி சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் வந்து தேடி ஒட்டுவாங்க, தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, ஒரு நாள் ரெண்டு மணிக்கு அலுத்துப் போய் சொல்லுச்சு, "ஆச்சி, பாரம் ரெண்டு பக்கமும் இழுக்குல்லா, அதான் பிரியுது. ஆபரேஷன் முடிஞ்ச அன்னையில இருந்தே முன்பக்கம் கொக்கி வச்ச பாடி போட்டுருக்கணும். யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லல. மார்பு கனமா இருக்க பொம்பளைங்களுக்கு நெஞ்சுல போட்ட தையலை அந்தப் பாரம் ராத்திரி பகலா ரெண்டு பக்கமும் இழுத்துக்கிட்டே இருக்கும்ங்குறது, யோசிச்சா யாருக்கும் புரியுற விஷயம். நாப்பது வருசமா பொம்பளைங்களுக்கு அளவு எடுத்த எங்க அம்மாவுக்கே தோணல. அவளும் வலிக்குதுன்னு உள்ள ஒண்ணும் போடாமத்தான் இருந்தா. சிஸ்டர் சொன்னதைக் கேட்டுட்டு மிசின் சத்தத்துக்கு நடுவுல அவ ரொம்ப நேரம் முழிச்சுக்கிட்டுக் கிடந்தா.

சாப்பாட்டுக்கு வாரேன். இதுல எனக்கு இன்னும் ஆத்திரம் தீரல. பெரியம்மை வீட்டுல வச்சே ஒரு சட்டம் போட்டிருந்தாவ. முட்டை கரப்பான். மீன் கரப்பான். கருவாடு பேச்சே கூடாது. கத்திரிக்கா அரிக்கும். பருப்பு சீழ் வைக்கும். மொச்சை வாயு. சொதி வச்சா தேங்காப்பால் கொழுப்பு. மிச்சம் என்ன இருக்கு? இட்லி, ரசஞ்சோறு, ரொட்டி. ஆஸ்பத்திரிக்கும் தூக்குவாளியில ரசம்தான் வந்துச்சு. பாசத்துலதான் பண்ணாவ, தன் வீட்டு சோலியெல்லாம் விட்டுட்டு ஒரு மாசம் எங்ககூட கிடந்தாவ, அதனால வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல முடியாது. அம்மாவுக்கு ரத்தத்துல அல்புமின்ங்குற புரதம் 2.6ன்னு வந்துச்சு, 3.5க்கு மேல இருக்கணும். டாக்டர் பெரியம்மையையே கூப்பிட்டு நிறுத்திட்டாரு.

"அம்மா, இந்த டப்பாவுல தினம் இவ்வளவு போகுதே, இது என்னன்னு நினைக்கீங்க? உங்க தங்கச்சி உடம்புல உள்ள புரதம்தான் கரைஞ்சு போகுது. போறதை நான் தடுக்க முடியாது. வர்றதை நீங்க வாசல்ல நின்னு தடுத்தா புதுச்சதை எதை வச்சு வளரும்?"

"தையல் போட்ட உடம்புக்கு பருப்பு ஆவாதுன்னு எங்க ஆச்சி காலத்துல இருந்து…"

"உங்க ஆச்சி காலத்துல நெஞ்சைத் திறந்து தைக்கலயேம்மா."

பெரியம்மை ஒண்ணும் பேசல. அம்மா சிரிச்சுட்டா, சிரிச்சா வலிக்கும், தலகாணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. டயட்டீஷியன் கணக்குப் போட்டுச் சொன்னது ஒரு நாளைக்கு 105 கிராம் புரதம், கிலோவுக்கு ஒண்ணரை கிராம் கணக்கு. ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்குன்னா பாத்துக்கோங்க. மறுநாள்ல இருந்து அவிச்ச முட்டை, விளைமீன் குழம்பு, பாசிப்பருப்பு, சுண்டல், மோர், அதுக்கு மேல புரதப் பவுடர். பெரியம்மையே மீன் கழுவிக் குழம்பு வச்சுக் கொண்டாந்தாவ. ஆனா டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூஞ்சியைத் திருப்பிக்குவாவ.

மூணு வாரம் கழிச்சு காயம் சிவந்து சுத்தமாயிருச்சு, கல்ச்சர்லயும் ஒண்ணும் வரல. இனி மூடணும். மறுபடி கம்பி போடலாம்னா எலும்பு ஓரம் போதுமானதா இல்ல. பிளாஸ்டிக் சர்ஜன் வந்தாரு. நெஞ்சுல ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிஞ்சிருக்க பெரிய சதையை நெஞ்சுக்கூட்டுல இருந்து விடுவிச்சு, அதுக்கு வர்ற ரத்தக்குழாயை அறுக்காம, நடுவுக்கு இழுத்து ரெண்டையும் சேத்து தச்சுருவோம்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாரு. அது போதலைன்னா வயித்துக்குள்ள குடலுக்கு முன்னாடி தொங்குற கொழுப்புத் திரையை மேல கொண்டு வர்றதும் உண்டாம். நான் அந்தப் படத்தை திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் மண்டையில ஏறல. அம்மா எட்டிப் பாத்துட்டு சொன்னா:

"இதுல என்னல இருக்கு. நைஞ்ச துணியில எத்தனை தையல் போட்டாலும் நிக்காது, துணியையும் சேத்துல்லா அறுத்துட்டு வரும். ஒட்டு வைக்கணும். ஒட்டுக்கு வேற துணி எடுத்தா ஒத்துக்காது, அதே சட்டையில மடிச்சு விட்ட துணி இருக்கும் பாத்தியா, அதைப் பிரிச்சு எடுத்து வைப்போம்லா, அதைத்தான் சார் சொல்லுதாவ."

சர்ஜன் பேனாவைக் கீழ வச்சுட்டு அம்மாவையே பாத்தாரு. "நான் ஸ்டூடன்ட்ஸுக்கு இதை இனி இப்படித்தான் சொல்லிக் குடுக்கப் போறேன்"னாரு. "ஆனா ஒண்ணு சார், பிசிறு இல்லாம தைங்க"ன்னுட்டா இவ.

நாலரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு பக்கமும் டிரெயின் குழாய் போட்டு ரெண்டு வாரம் வச்சிருந்தாங்க, அடியில நீர் தேங்குனா ஒட்டு ஒட்டாதுன்னு. ஆறு வாரம் கையை தோளுக்கு மேல தூக்கக்கூடாது, ஊனி எந்திரிக்கக்கூடாது, ஒருச்சாச்சுப் படுக்கக்கூடாது, ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் எடுக்கக்கூடாது. தண்ணி குடத்தைக் கண்டா அவ கை அதுபாட்டுக்குப் போகும், நாங்க குடத்தை எல்லாம் ஒளிச்சு வச்சோம். தினமும் காயத்தைப் பாக்குற வேலை என்னோடது. முத நாள் ரெண்டு பேருக்கும் கூச்சம், அவ சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா, நான் காயத்தை மட்டும் பாத்தேன். ஒரு வாரத்துல எல்லாம் போச்சு, "ஏலே, சீக்கிரம் பாரு, சீரியல் போட்டுருவான்"னு அவளே கூப்பிடுவா. சோப்பு போட்டு பைய கழுவி, ஒத்தி எடுத்து, காய வச்சு, நிறம் பாத்து, ஓரத்துல அமுக்கிப் பாத்து. ஒரு நோட்டுல சுகரும் காய்ச்சலும் எழுதி வச்சேன்.

இப்ப நல்லா இருக்கா. நெஞ்சு நடுவுல எலும்பு முழுசா கூடல, பலமா இருமுனா லேசா உள்ள வாங்கி எழும்புறது சட்டைக்கு மேல கை வச்சா தெரியும். கையில பழைய பலம் இல்லைங்குறா, கத்திரி பிடிச்சா கொஞ்ச நேரத்துல கடுக்குதாம். மூணு மாசத்துக்குப் பெறவு தையல் மிசின்ல உக்காந்தவ முதமுதல்ல தச்சது தனக்கு ஒரு பாடி. முன்பக்கம் பட்டி, பட்டியில ஏழு கொக்கி, காயம் வர்ற இடத்துல உள்பக்கம் தையலே வராம மல்துணி, தோள்ல அகலப் பட்டை. செக்கப்புக்குப் போகும்போது அந்தத் தென்காசிப் பிள்ளைகிட்ட அவுத்துக் காட்டியிருக்கா. அது போட்டோ பிடிச்சு வச்சுக்கிட்டு, அடுத்த மாசம் ஒரு போன், "ஆச்சி, வார்டுல மூணு பேர் இருக்காவ, அளவு அனுப்பட்டுமா?" அன்னையில இருந்து மாசத்துக்கு நாலஞ்சு போகுது. காசு வாங்க மாட்டேங்கா, துணிக்கு மட்டும் வாங்குதா. அளவு சொல்ல கூப்பிடுறவங்ககிட்ட அளவை விட்டுட்டு மத்த கதையெல்லாம் கேப்பா, கசியுதா, என்ன நிறம், முட்டை திங்கியான்னு.

கல்யாண வீட்டு அண்ணாச்சி நேத்து கூப்பிட்டாவ. அவங்க அத்தானை மறுநாளே கூட்டிட்டுப் போயிருக்காவ. எலும்பு அசையல, மேலாப்புலதான் இருக்காம், ரெண்டு தையலைப் பிரிச்சு விட்டு, டெஸ்டுக்கு எடுத்து, தினமும் கட்டு மாத்துறாங்களாம். நான் போனை வச்சுட்டு அம்மாகிட்ட சொன்னேன். மிசினை நிறுத்தாமலே கேட்டா.

"பொம்பளையா ஆம்பளையா?"

"ஆம்பளைம்மா."

"அப்ப பாடி வேண்டாம். இருமும்போது கட்டிப் பிடிக்க ஒரு சின்னத் தலகாணி தச்சுத் தாரேன்னு சொல்லு. இலவம்பஞ்சு கொஞ்சம் கிடக்கு."